ஸ்வெட்டர் சாரும் வராந்தா வண்டுகளும்

“சங்கரன்கோயில் வெயில்ல பொரிஞ்ச பிள்ள நீ. பனியில நடக்க வண்டப் பத்தி உனக்கு என்னம்மா தெரியப் போகுது?”

இப்படி என்னைக் கேட்டபோது அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். சாம்பல் நிறம், கழுத்து வரை பொத்தான். வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். அவர் எங்கள் விலங்கியல் துறைத்தலைவர். முதுகலை முடிக்க ஒரு ஆய்வு செய்தாக வேண்டும், அதைக் குளிர்ப் பிரதேசத்து வண்டுகளைப் பற்றிச் செய்கிறேன் என்று கேட்டு அவருடைய அறை வாசலில் நின்றிருந்தேன். வாசலில் என்றால் வாசலில்தான். மாணவர்கள் உள்ளே வரக் கூடாது. கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். அந்த இடைவெளியில் வரும் குளிர்ந்த காற்றை வாங்குவதற்காகவே எங்கள் வகுப்பில் சிலர் சந்தேகம் கேட்கப் போவார்கள். பாடத்தில் சந்தேகமே இல்லாத பிள்ளைகள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கருத்தரங்குக்காக அவர் வடக்கே ஒரு பனி நாட்டுக்குப் போயிருந்தார். போனது ஒரு வாரம். ஆனால் திரும்பி வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு மட்டும் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கல்லூரிக்கு வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு ‘அங்கன’ என்றால் கையை நீட்டினால் தெரிகிற இடம். அவருக்கு அங்கன என்றால் விமானம் ஏறிப் போகிற இடம்.

“அங்கன ஒரு வண்டு இருக்கு. பனிக்கு அடியில மாசக்கணக்குல கிடக்கும். ஆடாது, அசங்காது. மூச்சக்கூடப் பாத்துப் பாத்துத்தான் விடும். ஒழுக்கம்னா அது ஒழுக்கம். நம்ம ஊரு வண்டு? விடிஞ்சதுலருந்து அடையுத வரைக்கும் ஓட்டம். எதுக்கு ஓடுதோம்னு அதுக்கே தெரியாது.”

பாடம் என்னவோ சரிதான். வண்டுக்கு நம்மைப் போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியிருக்கிற காற்று என்ன சூடோ, ஏறக்குறைய அதுதான் அதன் சூடும். சூடு ஏறினால் உடம்புக்குள் எல்லா வேலையும் வேகமாக நடக்கும். தின்றதும் சேர்த்து வைத்த கொழுப்பும் சீக்கிரம் எரியும், மூச்சு அதிகம் வேண்டும். சூடு இறங்கினால் எல்லாம் மந்தமாகும். பத்து டிகிரி கூடினால் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்ளும். சார் நிறுத்த மாட்டார்.

“உங்க தெருவுல ஒரு சடங்கு வீடுன்னா, ரெண்டு வருஷமா சேத்தத ஒரே நாள்ல காலி பண்ணுதிகளே, அது என்ன? மெட்டபாலிக் ரேட்டு, உடம்பு எரியுத வேகம்! சூட்டுல வளந்த உயிரு செலவாளி. குளிர்ல வளந்தது சிக்கனம். வண்டுக்கும் இதே கதைதான், மனுசனுக்கும் இதே கதைதான்.”

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி குனிந்துகொண்டு சொன்னாள்: “ஏட்டி, இவரு மவ கல்யாணத்துக்கு மண்டபம் பூராவும் ஏ.சி. போட்டாராம்ல. அது என்ன ரேட்டுன்னு கேளு.”

அவர் கண்ணில் படுகிற எல்லோருக்கும் ஒரு வெப்பநிலை இருந்தது. வாசுதேவநல்லூரில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு, மலை அடிவாரம் என்பதால், பாதி மரியாதை. இளையரசனேந்தல் பக்கம் மழையை நம்பி விதைக்கிற பூமியில் இருந்து வருகிறவர்கள் கடைசி பெஞ்ச். தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்த என்னைப் போன்றவர்களை எந்த பெஞ்சில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் சத்தமாகவும் பேசுவோம், கேள்வியும் கேட்போம். “ஹை ரேட்டு, ஹை ரேட்டு” என்று கையை ஆட்டி உட்கார வைப்பார். பிரின்சிபால் லீவு தர மறுத்த அன்றும் சார் இதே கணக்கைத்தான் சொன்னார், கொஞ்சம் மெதுவாக: “மனுசனுக்குச் சூடு ஏறிட்டு.”

அந்த ஏ.சி. அறையின் வரலாறு தனி. கொடைக்கானலுக்கு மேலே ஒரு கேரட் தோட்டத்தில் கல்லுக்கு அடியில் கிடைக்கிற கறுப்புத் தரைவண்டுகளை சார் வருஷா வருஷம் கொண்டுவருவார். நம் நாட்டில் அவருக்கு எட்டிய குளிர் அதுதான். அந்த வண்டுகளுக்காகத்தான் துறைக்கு ஏ.சி. வாங்கினார்கள். முதலில் அறையில் வண்டுகள் மட்டும் இருந்தனவாம். பிறகு, வண்டுகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று சாரின் நாற்காலி உள்ளே போனது. நாற்காலிக்குத் துணையாக மேஜை. மேஜைக்குத் துணையாக டிபன் கேரியர், பிறகு ஒரு தலையணை. நான் சேர்ந்த காலத்தில் வண்டுகள் மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், விருந்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள் மாதிரி இருந்தன.

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் வண்டு ஆர்வம் உச்சத்துக்குப் போகும். வணிகவியல் ஆசிரியர்கள் வருவார்கள். தமிழாசிரியர் வருவார். ஆபீஸ் கிளார்க் மத்தியானச் சாப்பாட்டோடு வருவார். “வண்ட ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்” என்பார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சாயங்காலம்தான் போவார்கள். தொட்டிப் பக்கம் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லோரும் சேர்ந்து விடைத்தாள் திருத்துவார்கள். கதவு திறக்கும், மூடும், திறக்கும். சார் மட்டும் ரிமோட்டை எடுத்துப் பார்த்து, “பதினாறு. கரெக்டா இருக்கு” என்று குறித்துக்கொள்வார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தினமும் மத்தியானம் அவர் கேரியரில் ஒரு அவித்த முட்டை இருக்கும். பாதி அவருக்கு, பாதி வண்டுகளுக்கு. அந்தப் பாதியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி, ஒவ்வொரு வண்டின் வாய்க்கு நேராகவும் வைப்பார். அசையாமல் கிடக்கிற வண்டை உள்ளங்கையில் ஏந்தி வாயால் ஊதுவார். மூச்சின் சூடு பட்டுப் பட்டு ஒரு கால் அசையும், பிறகு இன்னொன்று. அப்போது அவர் முகத்தைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். எங்களில் யாரையும் அவர் அப்படிப் பார்த்தது கிடையாது.

இரண்டாம் வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்தாள். அம்மாவுக்குத் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவேன். அன்று அம்மாவைத் துறைத்தலைவர் அறை வாசலுக்குக் கூட்டிப்போனபோதும் அந்தப் பெருமையோடுதான் போனேன். கதவு ஒரு கை அகலம் திறந்தது. சார் அம்மாவைப் பார்த்தார். “நல்லா படிக்கிறா” என்றார். கதவு மூடிக்கொண்டது.

திரும்பி நடக்கும்போது அம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

“என்னம்மா?”

“ஏட்டி, இவரு நம்ம பின்னாடி தெருலா! எங்க அண்ணன் கூட கோலி விளையாடுவாரு. தகரக் கொட்டக வீடு. கோட வந்துட்டா உடம்பு பூரா வேர்க்குரு. நிக்க மாட்டாம உக்கார மாட்டாம அழுவாரு. அப்பல்லாம் கைத்தறிதானே, தறிக்குக் கீழ குழி இருக்கும். எங்க அப்பா சாப்பிட எந்திரிச்சாருன்னா இவரு குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்கிடுவாரு. குளுமையா இருக்கும்லா. வெளிய இழுத்துப் போட ரெண்டு ஆளு வேணும்.”

“நம்ம தெருவுன்னு அவரு சொல்லவே இல்லம்மா.”

“சொல்லுவாராக்கும்! பாவம், இப்பவாவது குளுமையா இருக்கட்டும் மக்கா” என்றாள் அம்மா.

அம்மாவால் அப்படி இருக்க முடிகிறது. என்னால் முடியவில்லை. அன்று ராத்திரி எனக்கு அவர்மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. ‘உங்க தெருவுல’ என்று அவர் சொல்கிற இரண்டு வார்த்தைகளை நினைத்தபோது திரும்பவும் ஏறியது.

ஒருவழியாக ஆய்வுக்குத் தலைப்புத் தந்தார். தலைப்பு அவருடையது, முடிவும் அவருடையது. நடுவில் உள்ள வேலை மட்டும் என்னுடையது. மலை வண்டுகள் ஏ.சி. அறைக்குள் எவ்வளவு மூச்சு வாங்குகின்றன என்று அவர் பார்த்து வைத்திருக்கிறார். நான் நம் ஊர் வண்டுகளை வராந்தாவில் வைத்து அளக்க வேண்டும். “நீ வெயிலுக்குப் பழகினவ” என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், மலை வண்டு சிக்கனம், நம் வண்டு ஊதாரி என்று தானாக வந்துவிடும்.

கம்மாக் கரையில் கல்லைப் புரட்டிப் புரட்டி, மலை வண்டின் அளவே உள்ள தரைவண்டுகளைப் பிடித்து வந்தேன். அளக்கிற கருவி எளிமையானது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் வண்டு. அது விடுகிற கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள ஒரு சிட்டிகை மருந்து. குழாயின் வாயில் முடி மாதிரி மெல்லிய இன்னொரு குழாய், அதில் சிவப்பு மை ஒரு துளி. வண்டு மூச்சு வாங்க வாங்க உள்ளே காற்றுக் குறையும், துளி உள்பக்கம் நகரும். எவ்வளவு வேகமாக நகர்கிறதோ, வண்டுக்கு அவ்வளவு செலவு. வண்டில்லாத வெறுங்குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும், துளி வேறு காரணத்தால் நகர்ந்தால் காட்டிக்கொடுக்க. வராந்தாவில் வெயில் முட்டிக்கால் வரை வந்தது. என் துளிகள் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவை மாதிரி ஓடின. சார் கதவிடுக்கில் பார்த்து, “சொன்னேம்லா” என்றார்.

மாசியில் விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தது. முகாமில் ஏ.சி. உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி சார் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்.

“வண்டுக்கு முட்ட போடு. ரிமோட்டத் தொடாத. யாரையும் உள்ள விடாத.”

“நான் போலாமா சார்?”

யோசித்தார். “நீ… சரி. செருப்பக் கழட்டிட்டுப் போ.”

அப்படித்தான் முதல்முதலாக அந்த அறைக்குள் போனேன். ரிமோட் பதினாறு என்றது. கையோடு கொண்டுபோயிருந்த தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டினேன். அது இருபத்துமூன்று என்றது. கூட்டமே இல்லாத நாளில் இருபத்துமூன்று. இத்தனை வருஷமாக அந்த அறையின் குளிர் என்று எழுதப்பட்டதெல்லாம் ரிமோட்டின் ஆசை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. மலை வண்டு உள்ளே. ஊர் வண்டு வெளியே. இரண்டுக்கும் சூடு வேறு வேறு. என் துளி ஓடியதில் வண்டின் பங்கு எவ்வளவு, வராந்தா வெயிலின் பங்கு எவ்வளவு? யாருக்கும் தெரியாது. ஏனென்றால் இரண்டையும் ஒரே இடத்தில் யாரும் வைத்ததே இல்லை.

அறையின் ஓரத்தில் ஆய்வுக்காக வாங்கிய குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. வைத்த சூட்டில் அப்படியே நிற்கக் கூடியது. அதற்குள் சாரின் தயிர், இரண்டு தண்ணீர் பாட்டில், கிளார்க்கின் மல்லிகைப்பூப் பொட்டலம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வராந்தா வண்டுகளை உள்ளே கொண்டுவந்தேன். மலை வண்டும் ஊர் வண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே குளிரில்.

ஊர் வண்டு காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. அதன் துளி நகர்ந்ததா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மலை வண்டோ அதே குளிரில் குழாய்க்குள் நடந்துகொண்டிருந்தது. அதன் துளி நன்றாக நகர்ந்தது. பெட்டியின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். இரண்டு துளிகளும் வேகம் பிடித்தன. ஆனாலும் மலை வண்டின் துளிதான் முன்னால். குழாயை மாற்றினேன், வண்டை மாற்றினேன், ஒருவேளை என் கண்தான் தறித்தெருப் பக்கம் சாய்கிறதோ என்று தோழியை அழைத்து எது எந்த வண்டு என்று சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். “இந்தச் சவம்தான் கூட மூச்சு வாங்குது” என்று ஒவ்வொரு தடவையும் மலை வண்டையே காட்டினாள்.

சிக்கனமாவது ஒழுக்கமாவது. குளிரில் பிழைக்கிற வண்டு உடம்பை வேகமாக ஓட்டித்தான் பிழைக்கிறது. மலையில் வெயில் தலைகாட்டுகிற கொஞ்ச நேரத்துக்குள் தின்று, வளர்ந்து, முட்டையிட்டு முடிக்க வேண்டுமே. எல்லாக் குளிர்ப் பிரதேச வண்டும் இப்படித்தானா என்று பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பெட்டிக்குள் இருந்தவை இப்படித்தான்.

முகாமில் ஏ.சி. இல்லை. சார் கறுத்து, உதடு வெடித்துத் திரும்பினார். குளிர்ப்பெட்டியைத் திறந்தார்.

“என் தயிர வெளிய வச்சது யாரு?”

“நான்தான் சார்.”

அப்புறம்தான் குழாய்களைப் பார்த்தார். “வராந்தா வண்ட உள்ள விட்டியா?”

“விட்டேன் சார்.”

“யாரக் கேட்டு விட்ட?”

“ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தாத்தானே சார் ஒப்பிட முடியும்?”

“எதுக்கு ஒப்பிடணும்? அது வேற, இது வேற.”

என் அளவுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “துளி தப்பா நகந்திருக்கு.”

“எது மலை வண்டு, எது ஊர் வண்டுன்னு துளிக்குத் தெரியாதே சார்.”

“வாய் பேசாத. தலைப்புல உள்ளபடி எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுதேன். இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்.”

அடுத்த வருஷம் என்பது அவருக்கு நாட்காட்டியில் ஒரு தாள். எனக்கு அப்படியில்லை. வடக்கே மலைமேல் ஒரு ஆய்வு நிலையத்தில் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். தேர்ச்சி பெற்றால் இந்த ஆனியிலேயே வரலாம் என்று பதில் வந்திருந்தது. தேர்ச்சி இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா தறிக்கூடத்தில் எனக்கு ஒரு வேலை கேட்டு வைத்திருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

துளி நகர்ந்தபடியே எழுதினேன். அவர் கையெழுத்துப் போடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. “தேர்வு நடத்த வெளியூர் மேடம் வரட்டும். வைவால பாத்துக்கிடலாம்” என்றார். அந்த மேடத்தை வைத்தே என்னைத் தோற்கடித்துவிடலாம் என்று அவருக்குத் திட்டம்.

வாய்மொழித் தேர்வு சித்திரையில் வந்தது. எந்த அறையில் நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வணிகவியல் வந்தது, தமிழ் வந்தது, கிளார்க் டிபன் கேரியரோடு வந்தார். மதுரைப் பக்கமிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா, நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்.

“சார், ஏ.சி. ஓடுதா?”

“பதினாறு மேடம்” என்றார் சார், ரிமோட்டைக் காட்டி.

நான் சுவரைக் காட்டினேன். தெர்மாமீட்டரில் முப்பது. தேர்வாளர் அதைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார். என் தாள்களைப் புரட்டினார்.

“ரெண்டு வண்டையும் ஒரே சூட்டுல வச்சுப் பாத்தியாம்மா?”

“ஆமா மேடம்.”

“இதுக்கு முன்னால இங்க யாரும் அப்படிப் பாக்கலையா?”

கிளார்க் கேரியரை மெல்ல மூடினார்.

“முடிவைச் சொல்லு.”

சொன்னேன். ஒரே சூட்டில் மலை வண்டுக்குத்தான் செலவு அதிகம் மேடம், நம்ம ஊரு வண்டு ஊதாரி இல்ல, இத்தனை நாளும் நாங்க ஊதாரின்னு எழுதினது வராந்தா வெயிலத்தான்.

தேர்வாளர் சாரிடம் திரும்பினார். “உங்களுக்கு இது சம்மதமா சார்?”

சாரின் நெற்றியில் வேர்வை. கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினார். அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. அந்த ஒரு கணம், அம்மா சொன்ன, தகரக் கொட்டகையில் நிற்க மாட்டாமல் நின்ற பையன் எனக்குத் தெரிந்தான். சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்றும் நினைத்தேன்.

அவர் இரண்டையும் சொல்லவில்லை. முகம் மலர்ந்து, “இதத்தானே மேடம் நான் வருஷக்கணக்கா இவங்ககிட்ட சொல்லுதேன்!” என்றார். “அங்கன உள்ள உயிரு உழைக்கும். உறையுத குளிர்லயும் ஓடும். உழைச்சா செலவு இருக்கத்தானே செய்யும்? நம்ம ஊரு வண்டப் பாருங்க, லேசாக் குளிர் பட்டதும் கால மடக்கிப் படுத்துட்டு. சோம்பேறி!”

அவ்வளவுதான். குறைவாகச் செலவழித்தபோதும் அங்கே உள்ளது உசத்தி. கூடுதலாகச் செலவழித்தபோதும் அங்கே உள்ளதுதான் உசத்தி. இதுநாள் வரை ஊதாரியாக இருந்த எங்கள் கம்மாக் கரை வண்டு, ஒரு மூச்சில் சோம்பேறி ஆகிவிட்டது. தமிழாசிரியர் தலையாட்டினார். சார் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குத் தேர்ச்சி. வெளியே வந்ததும் தோழி, “ஏட்டி, ஜெயிச்சது நீயா அவரா?” என்று கேட்டாள்.

கிளம்புகிற நாளில் சொல்லிக்கொள்ளப் போனேன். கதவு ஒரு கை அகலம் திறந்தது. எந்த மலை, எவ்வளவு உயரம், பனி எப்போது விழும் என்றெல்லாம் ஆசையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் குரல் மாறியது.

“போயிட்டு வா. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க. அந்த ஓட்டம் இருக்கு பாரு, அது பிறவியில வாரது. அங்கன பிறந்தாத்தான் உண்டு. பழகிப் பழகியெல்லாம் வராது.”

இதைச் சொல்லும்போது பொத்தான்கள் எல்லாம் மறுபடி கழுத்து வரை போட்டிருந்தன. “வாரேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறு வருஷம் அவர் ஓய்வு பெற்றார். ஏ.சி. அறையை ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வண்டுத் தொட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டதாகத் தோழி சொன்னாள்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கிடக்கிறது. எனக்கும் குளிர்கிறது, நடக்கவும் செய்கிறேன். அவர் கடைசியாகச் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. பிறவியில் வருவதா, வளர்கிற இடத்தில் வருவதா என்று ஊகிப்பதைவிட வண்டையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. போன வாரம், இந்த மலையில் பிடித்த ஒரே தாய் வண்டு இட்ட முட்டைகளை எண்ணிப் பிரித்து, பாதியைக் குளிர்ப்பெட்டியிலும், பாதியை அவை தாங்கக்கூடிய சங்கரன்கோவில் மார்கழிச் சூட்டுக்குச் சரியாக வைத்த இன்னொரு பெட்டியிலும் போட்டு மூடிவிட்டேன்.